பள்ளிக்கூட மாடியில் காய்ந்த நெல்

நெல் அவியும்போது முதலில் ஈர வைக்கோல் வாசனை வரும். ஆவி கனக்கக் கனக்க அது மெல்ல மாறி, வெல்லம் போடாத பொங்கலின் வாசனையாகித் தெரு முழுக்க நிற்கும். எங்கள் தெரு என்றால் அடையாற்றங்கரையில், பாலத்தை ஒட்டி, மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நுழைந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. வருஷம் முழுக்க அங்கே ஆற்றின் வாசனைதான். அறுப்பு முடிந்து நெல் வந்து இறங்குகிற வாரத்தில் மட்டும் ஆறு தோற்றுப்போகும். பாலத்தின் மேல் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பார்கள். சென்னைக்கு நடுவில் தெருவே சேர்ந்து நெல் அவிப்பதை அவர்கள் என்னவென்று நினைத்துக்கொண்டார்களோ தெரியாது.

அந்த நெல் எங்களுக்கு வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். என் அம்மா ராணி சித்தாள். மேற்கு மாம்பலத்திலும் தி. நகரிலும் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த காலம். கல்லும் மண்ணும் சுமந்தாள். கூடச் சுமந்தவர் சந்திரா அக்கா. மதுராந்தகம் பக்கத்தில் ஏரிப் பாசன ஊர்க்காரர். வயலில் வேலையில்லாத மாதங்களில் அந்த ஊர்ப் பெண்கள் பட்டணத்துக்கு வந்து எங்கள் சந்தில் வாடகைக்குத் தங்குவார்கள். அம்மா கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். ஒரு வருஷம் அந்தப் பெண்கள், ஆளுக்கு அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று கிடந்த நிலங்களின் வரப்பை வெட்டி ஒன்றாக்கி, சங்கமாகப் பதிவு செய்து, ஒரே மோட்டார், ஒரே நாற்றங்கால் என்று பயிர் வைத்தார்கள். பூச்சி மருந்து வாங்கக் காசில்லாமல்தான் முதலில் மருந்தை விட்டார்கள். பிறகு, வேண்டாம் என்றே விட்டார்கள். வயலில் தவளை திரும்பி வந்துவிட்டது என்று அக்கா சொன்னபோது, "ஆத்தாண்ட வந்து பாரு, இங்க எப்பவும் கீது" என்றார் என் அப்பா, நைனா.

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் பத்தவில்லை. எங்கள் சந்தில் வயிறுகள் இருந்தன, ஞாயிற்றுக்கிழமை இருந்தது. சேர்ந்த வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் போய் வேலை செய்ய வேண்டும், அறுத்த நெல்லில் அவர்களுக்கும் பங்கு என்று பேசிக்கொண்டார்கள். கூலி கிடையாது. சைதாப்பேட்டையில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, அங்கிருந்து பஸ். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மீன்பாடி வண்டி ஓட்டிய நைனா மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

"எங்கப்பன் சேத்துக்கு பயந்துதான் ஊர வுட்டே ஓடியாந்தான். இவ டிக்கெட் எடுத்துனு போயி சேத்துல எறங்குறா."

"வர நெல்ல துன்னாத அப்ப" என்பாள் அம்மா.

"நான் எங்க துன்றேன்? நீ போடுற, உள்ள போவுது."

பூங்கார் என்ற சிவப்பு நெல் அது. புழுங்க வைத்துக் குத்தினால் சோறு மங்கலான செம்பு நிறத்தில் வரும். என் சோற்று டப்பாவைப் பார்த்துப் பள்ளியில், "இன்னாடா, உங்கூட்டு சோறு துரு புட்ச்சிகீது" என்று சிரித்தார்கள். ஆனால் அந்தச் சோறு வந்தபின் ரேஷன் அரிசி தீர்ந்த மாதக் கடைசியில் கடைக்காரரிடம் போய் நிற்பது எங்கள் சந்தில் குறைந்தது. ரம்ஜான் மாதத்தில் எதிர்வீட்டு மும்தாஜம்மா தன் பங்கு அரிசியில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பள்ளிவாசலுக்கு அனுப்புவார். ஒரு சொம்பு எங்களுக்கும் வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இரண்டு படி கூடுதலாகப் போகும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு அரிசியைவிடப் பெரியதாக ஒன்று அங்கே இருந்தது. கட்டட வேலையில் அவளுக்குப் பெயர் கிடையாது. மேஸ்திரிக்கு அவள் "ஏ சித்தாளு". பண்ணைக் கூட்டத்தில், ஏரி மதகடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, "ராணி, நீ இன்னா சொல்ற?" என்று கேட்பார்கள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவர் பேசுவார். என் அம்மாவிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்த ஒரே இடம் அது. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஜன்னலோரம் தராமல் அவளே உட்கார்ந்துகொள்வாள்.

அந்தக் கூட்டத்தில் உட்காரும் உரிமை விதையால் வந்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அடுத்த பட்டத்துக்கான விதைநெல்லை இரண்டாகப் பிரித்துப் பாதியை ஊரில் வைப்பார்கள், பாதி எங்கள் சந்துக்கு வரும். ஊரில் எலியோ நெருப்போ வந்தாலும் ஒரு பாதி மிஞ்சும். அதோடு, சாப்பிடுகிறவர் வீட்டிலும் விதை இருந்தால்தான் அவரும் பண்ணைக்காரர் என்பது சந்திரா அக்காவின் கட்சி. மூட்டைகளின் வாயில் சிவப்புக் கயிறு கட்டி, சந்தில் பரண் இருந்த ஒரே வீடான மும்தாஜம்மா வீட்டில் ஏற்றி வைப்பார்கள். அதற்குப் பொறுப்பு அம்மா. நாங்கள் அந்த மூட்டைகளைத் தொட்டதில்லை. விதை என்றால் பத்திரமாக வைக்க வேண்டிய நெல். அவ்வளவுதான் எங்கள் சந்துக்குத் தெரியும். அம்மாவும் மும்தாஜம்மாவும் அதே ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். நடவு அவர்களுக்குத் தெரியும், களை தெரியும், ஆனால் நாற்றங்கால் விடுகிற நாள் எப்போதும் வாரநாளில் வரும். அதை அவர்கள் பார்த்ததில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் மழை நிற்காமல் பெய்தது. ஒரு மத்தியானம் ஆறு சந்துக்குள் வந்தது. எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடினோம். நைனா வண்டியைக் கொண்டுவந்து டிவியை ஏற்றினார். அம்மா டிவியை இறக்கிவிட்டுப் பரணிலிருந்த மூட்டைகளை ஏற்றச் சொன்னாள்.

"டிவி வேணாமாடி?"

"அது நம்பள்து. இது அவங்க நம்பி குட்த்தது."

இடுப்பளவுத் தண்ணீரில் நைனா மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். டிவி போய்விட்டது. ஆனால் தார்ப்பாய் போட்டும் மூட்டைகள் நனைந்துவிட்டன.

பள்ளிக்கூட மாடி வகுப்பில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தோம். வெயில் என்பதே இல்லை. இரண்டு நாளில் மூட்டைக்குள் கை விட்டால் சுட்டது. புளித்த வாடை வந்தது. அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். சில மணிகளின் நுனியில் வெள்ளையாக, ஊசிமுனை மாதிரி எதுவோ எட்டிப் பார்த்தது.

"கெட்டுப்போவுது மும்தாஜு. முள வுட்டுச்சுன்னா அத்தோட போச்சு."

நெல் கெடாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வருஷா வருஷம் செய்ததுதான். மும்தாஜம்மா பள்ளிவாசலில் கேட்டு பிரியாணி கிண்டுகிற பெரிய தேக்ஸா இரண்டு வாங்கி வந்தார். உடைந்த பெஞ்சுகளை விறகாக்கிக்கொள்ள வாட்ச்மேனிடம் கெஞ்சினார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் நெல் அவிந்தது. யார் யாரோ வந்து கிளறினார்கள். அத்தனை நாள் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. மழை விட்ட அன்று மொட்டை மாடி முழுக்கப் பரப்பி, காகம் விரட்ட என்னையும் மற்றப் பிள்ளைகளையும் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை மேலே வந்து பார்த்துவிட்டு, "இந்த நேரத்துல இவ்ளோ பொறுப்பா!" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். காய்ந்த நெல்லைத் திரும்ப மூட்டை கட்டி அதே சிவப்புக் கயிற்றைக் கட்டினாள் அம்மா.

பஸ் ஓடத் தொடங்கியதும் முதலில் வந்தவர் சந்திரா அக்கா. புடவை முழங்கால்வரை சேறு. ஏரி உடைந்து ஊர்ச் சங்கக் கட்டடம் மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்ததாம். அங்கிருந்த பாதி விதை அழுகிப் போய்விட்டது. உடனே நாற்றங்கால் விட்டால் இந்தப் பட்டத்தைப் பிடித்துவிடலாம். ஒரே மழை இரண்டு பாதியையும் நனைக்கும் என்று அந்த வழக்கத்தை வைத்தவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

"உங்கிட்ட கீதில்ல ராணி?"

"இன்னா அப்பிடி கேட்டுட்ட? ஒரு மணி வீணாவல. வா, வந்து பாரு" என்று மாடிக்கு அழைத்துப் போனாள் அம்மா. நைனா பின்னாலேயே வந்து, "டிவிய ஆத்துல வுட்டுட்டு இத்த காப்பாத்திகீறா. சங்கத்துல சொல்லி ஒரு கலர் டிவி வாங்கிக் குடு" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தார். கண்ணாடித் துண்டு போல நறுக்கென்று உடைந்தது. இன்னொரு மூட்டையிலிருந்து இன்னொன்று. பிறகு அடுத்த மூட்டையில் கை வைக்கவில்லை.

"அவிச்சிட்டியா?"

"ஆமா. நனஞ்சி போச்சு. முள கூட வந்துட்ச்சி, நல்லவேள பாத்தேன்."

அக்கா தரையில் உட்கார்ந்தார். முளை வந்த நெல்லைத்தான் சேற்றில் தெளிப்பார்கள் என்பதையும், தெளிப்பதற்கு முன் அவர்களே அதை ஊறப்போட்டு முளைகட்டுவார்கள் என்பதையும், அவித்த நெல் இனி எந்த மண்ணிலும் முளைக்காது என்பதையும் அன்று அவர் வாயால் சொல்லவில்லை. நெல்லைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா அவிச்சிகீற ராணி. பதம் தப்பல" என்றார். அம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். மும்தாஜம்மா, "யா அல்லா" என்று மட்டும் சொன்னார். நைனா கீழே இறங்கிப் போய்விட்டார்.

மறுவாரம் கூட்டம் போட்டார்கள். அம்மா போனாள். எங்கள் சந்தை நீக்கிவிடுங்கள் என்று எழுந்து நின்று சொன்னாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் சேமித்த நெல்லும் போய், ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருந்தார்கள். அவித்த விதையைச் சரிபாதியாகப் பிரித்து அந்த மழைக்காலம் முழுக்க ஊரும் எங்கள் சந்தும் சாப்பிட்டன. நன்றாகத்தான் இருந்தது. வேறு சங்கத்தில் கடன் கேட்டு வேறு ரக விதை போட்டார்கள். அடுத்த அறுப்பில் எங்கள் பங்கு நெல் வந்தது. சிவப்புக் கயிறு கட்டிய மூட்டை வரவில்லை. இனி அனுப்ப மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் துவைக்கத் துணி இருந்தது, தலைவலி இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஆற்றங்கரையை ஒழுங்கு செய்கிறோம் என்று எங்களை ஊருக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த முகவரிக்கு நெல் லாரி வந்ததில்லை.

இப்போது நான் தி. நகரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவன் நான்தான். சந்து இருந்த இடத்தில் கம்பி வேலியும் நடைபாதையும் இருக்கின்றன. காலையில் நல்ல காலணி போட்டவர்கள் அங்கே நடக்கிறார்கள். எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் குறிப்பாகக் காட்ட முடியவில்லை. மும்தாஜம்மா குடும்பம் வேறு குடியிருப்புக்குப் போனது. பண்ணை நன்றாக இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு கடையில் அவர்கள் அரிசிப் பையைப் பார்த்துவிட்டுத்தான் போன மாதம் ஊருக்குப் போனேன். சூரிய ஒளியில் ஓடும் மோட்டார், சொந்த அரவை மில், வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கூடம். விதையை இப்போது மூன்றாகப் பிரித்து, வேறு வேறு ஏரிக்குக் கீழே இருக்கும் மூன்று ஊர்களில் வைக்கிறார்கள். சரியான ஏற்பாடு. பட்டணத்தில் வைப்பதில்லை.

சந்திரா அக்காவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. பூங்காரை ஏன் திரும்பப் போடவில்லை என்று கேட்டேன்.

"அது இப்ப எங்கன்னாலும் கெடைக்குது. வாங்கியாந்து போடலாம்னு வருஷா வருஷம் கூட்டத்துல பேச்சு வரும்" என்றார். "உங்கம்மா இல்லாம எப்பிடி முடிவு பண்றதுன்னு நான்தான் தள்ளி வெச்சிகினே கீறேன். ஒருநாள் வந்து உக்காரச் சொல்லு. ஆள அனுப்பட்டுமா?"

வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே சொன்னேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று ஊர்களின் பெயரையும் கேட்டுக்கொண்டாள். அக்கா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"நான் எதுக்குடா? அவங்க வயலு அது" என்றாள்.

பிறகு, மாடியில் துணி காய்ந்திருக்கும், எடுத்துக்கொண்டு வா என்றாள். போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.