வலது கைக்கு ஒரு கிளவுஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று திண்டுக்கல் புழுதியை எல்லாம் வாரி எங்கள் நாகல் நகர் வீட்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. என் மகனுடைய மகள் அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள், முதுகுப் பையைக்கூட இறக்காமல், "தாத்தா, என்னய சாப்ட்பால் பழக வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அது என்ன விளையாட்டு என்று எனக்குத் தெரியாது. சாப்ட் என்கிறார்களே, பஞ்சுப் பந்தாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மைதானத்துக்குப் போய்ப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, நல்ல கனம். ஒரு பக்கத்தார் உருளை மட்டையால் அடிக்கிறார்கள். மறுபக்கத்தில் ஒன்பது பேர் நின்று பிடித்து எறிகிறார்கள். எறியாத கையில் பெரிய தோல் கிளவுஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு அதற்குள் பந்தை வாங்க வேண்டும். இல்லையென்றால் விரல் போய்விடும்.

நான் முப்பத்திரண்டு வருடம் நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை பந்து வருகிறது, யார் எத்தனை விடுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். என் பேத்தி ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் பிடித்ததும் ஒரு கூத்து நடந்தது. இடது கை கிளவுஸுக்குள் பந்தை வாங்கியவள், அந்தக் கிளவுஸைக் கழற்றி வலது அக்குளில் இடுக்கி, பந்தை இடது கையில் எடுத்து எறிந்தாள். எறிந்தது அம்பு மாதிரி போனது. ஆனால் அதற்குள் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டியவள் ஓடி முடித்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு டீச்சர் கத்தினார். "ஏய், கழட்டுறதும் மாட்டுறதுமா இது என்ன வளையல் கடையா? வலது கையால எறிடி!"

வலது கையால் எறிந்தாள். பந்து அவள் காலடியிலிருந்து நான்கு கஜம் தள்ளி விழுந்து படுத்துக்கொண்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

வீட்டில் அவள் இடதுகைக்காரி என்று ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? சின்ன வயதில் இட்லியை இடது கையால் எடுத்தால் அவள் அம்மா, "பீச்சாங்கையை நீட்டாத, சோத்துக்கையால எடு" என்று புறங்கையில் ஒன்று வைப்பாள். எழுதுவது, சாப்பிடுவது, பெரியவர்களிடம் ஒன்றை வாங்குவது எல்லாம் அப்படியே வலது கைக்குப் போய்விட்டன. பந்து எறிவதை மட்டும் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அது ஒன்று மட்டும் அவளுடையதாகவே இருந்துவிட்டது.

டீச்சரிடம் போய்ப் பேசினேன். பள்ளியின் விளையாட்டுச் சாமான் மூட்டையில் இருப்பவை எட்டு கிளவுஸ். எட்டும் இடது கையில் மாட்டுகிறவை, அதாவது வலது கையால் எறிகிறவர்களுக்கானவை. அடுத்த மாதம் வெளியூரில் பள்ளிகளுக்கு இடையே போட்டி. பதினைந்து பிள்ளைகளை அழைத்துப் போகலாம். பதினான்கு பேர் முடிவாகிவிட்டது. மிச்சம் ஓர் இடம். அதற்கு என் பேத்தியும் எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற இன்னொரு பிள்ளையும் போட்டி.

"வலது கையில மாட்டுற கிளவுஸ் ஒண்ணு மட்டும் கிடைச்சா இவ நல்லா வருவாங்கய்யா" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். பாதிப் பேருக்கு சாப்ட்பால் என்றாலே என்னவென்று தெரியவில்லை. மீதிப் பேரிடம் இடது கைக்குரியது மட்டும் இருந்தது. ஒரு பாய் கடையில் இருந்த இளவட்டம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஏன் பெரியவரே, விக்கெட் கீப்பர் கிளவுஸு ஜோடியா வரும். வாங்கி ஒண்ணைத் தூர எறிஞ்சிட்டுப் போங்க." அவன் முதலாளி அதட்டினார். ஆனால் அவரும் வாய்க்குள் சிரித்துக்கொண்டேதான் அதட்டினார்.

மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் வலது கைக்குரியது ஒன்று இருந்தது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, தோல் இல்லை, ரெக்சின். உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலை மாதிரி ஒரு பகுதி உண்டு, பந்து போய் உட்காருவது அங்கேதான். அதன் வார்களை இழுத்துப் பார்த்தேன், இரண்டு வார் கையோடு வந்துவிட்டன. வேண்டாம் என்றேன். கடைக்காரர் வடக்கேயிருந்து தருவித்துத் தருவதாகச் சொன்னார். பேத்தியின் உள்ளங்கையை ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். பெரிதாக வாங்குங்கள், வளர்கிற பிள்ளை என்று அவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை. பள்ளிச் சீருடையா, கொசுவம் வைத்துத் தைத்துக்கொள்ள? விரல் ஒவ்வொன்றும் அதனதன் அறையில் இறுக்கமாக நிற்க வேண்டும். அந்தக் கை ஒன்றாலேயே மூட முடிய வேண்டும். தோல் வாசனை வர வேண்டும்.

"ஏம்ப்பா, மில்லுல நூலைச் சோதிச்சது பத்தலையா? இப்ப இதையுமா?" என்றான் மகன். அவனுக்கு விலையை நான் சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது. இங்கேயும் எழுதப்போவதில்லை.

பார்சல் வந்தது. குறை சொல்வதற்கென்றே பிறந்தவன் நான் என்று என் மருமகள் சொல்வாள். அந்தக் கிளவுஸில் எனக்கு ஒரு குறைகூட அகப்படவில்லை. புதுத்தோல் விறைப்பாக இருக்கும், பழக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்து, கிழிந்த வேட்டித் துண்டால் இறுகக் கட்டி வைத்தேன். பேத்தி அதை மாட்டிக்கொண்டே டி.வி. பார்த்தாள், மாட்டிக்கொண்டே பாடம் படித்தாள். ஒரு நாள் கிளவுஸோடு சாப்பிட உட்கார்ந்தாள். வலது கை உள்ளே மாட்டியிருந்ததால் இடது கையால் தோசையைப் பிய்த்தாள். அவள் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

மைதானத்தில் அவள் முதல் முறையாக அதை மாட்டிக்கொண்டு நின்ற சாயங்காலம் எனக்கு மறக்காது. பிடித்தாள், எறிந்தாள். பிடிப்பதற்கும் எறிவதற்கும் நடுவில் எதுவுமே இல்லை. சிரித்த பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "ஏலே, யாருலே இது!" என்று டீச்சரே கை தட்டினார்.

தேர்வு நாளன்று இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இருபது பந்து. நான் விரல் மடக்கி எண்ணினேன். என் பேத்தி பதினேழு பிடித்தாள். எரியோட்டுப் பிள்ளை பதினொன்று. அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். அவள் அப்பாவும் எங்கேயோ சொல்லி ஒரு சாதாரண கிளவுஸ் வாங்கித் தந்திருந்தார். இடது கையில் மாட்டுவது, கடையில் கிடைப்பது.

டீச்சர் எரியோட்டுப் பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

நான் எழுந்து போனேன். பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்கவில்லை. "டீச்சர், பதினேழு பெருசா, பதினொண்ணு பெருசா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தாத்தா, செத்த நேரம் உக்காருங்க" என்று மரத்தடியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார். மைதானத்தில் நிற்பது ஒன்பது பேர். மூட்டையில் இருப்பது எட்டு. இவ்வளவு நாளும் ஒரு பிள்ளை வெறுங்கையோடு நிற்கும், அல்லது எதிர் டீமிடம் கடன் கேட்க வேண்டும். "அந்தப் பிள்ளை வந்தா அவ கிளவுஸும் கூட வருதுங்கய்யா. ஒம்பது ஆயிரும். அவ வெளிய உக்காந்தாலும் அது உள்ள விளையாடும். உங்க பேத்தி கிளவுஸு அவளுக்கு மட்டுந்தான் ஆகும். அவளுக்குப் பதிலா ஒருத்தியை இறக்குனா, இறங்குனவ வெறுங்கையோட நிக்கணும்."

"அப்ப இவளையே முழுக்க நிறுத்துங்க."

"ஒம்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைக இருக்கையில எட்டாம் வகுப்புப் பிள்ளையை எல்லா ஆட்டத்துக்குமா? கால் கீல் பிசகிட்டா?"

"அப்ப நீங்க பிள்ளையை எடுக்கல. கிளவுஸை எடுத்திருக்கீங்க."

"ஆமாங்கய்யா" என்றார் அவர். "ரெண்டு வருஷமா நானும் ஸ்கூல்ல கிளவுஸு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?" பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "நீங்க சாதாரணமா ஒண்ணு வாங்கித் தந்து, அவளை வலது கைக்குப் பழக்கியிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்."

வலது கையில் மாட்டுகிற கிளவுஸ் கிடைத்தால் நன்றாக வருவாள் என்று இதே வாய்தானே சொன்னது? சொன்னபடியே நன்றாகத்தான் வந்தாள். அதில் பொய் இல்லை. நன்றாக வருவதும் டீமுக்குள் வருவதும் ஒன்று என்று நான்தான் சேர்த்து எண்ணிவிட்டேன்.

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் மகன், "போகுது விடு, படிப்பைப் பாரு" என்றான். மருமகள் மட்டும் உள்ளே போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பின்பக்கச் சுவரில் எதுவோ தட்டிக்கொண்டே இருக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். பள்ளி மூட்டையிலிருந்து பழைய கிளவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து இடது கையில் மாட்டிக்கொண்டு, வலது கையால் சுவரில் எறிந்துகொண்டிருந்தாள். பாதிப் பந்து சுவருக்கே போய்ச் சேரவில்லை.

"என்ன தாயி இது?"

"அடுத்த வருசத்துக்கு, தாத்தா."

"உன் கிளவுஸ் எங்க?"

"பீரோவுல இருக்கு." பந்தைப் பொறுக்கிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதுதான் யாருக்கும் ஆகாதுல்ல."

அன்று அவளை நான் தடுக்கவில்லை. தடுத்து என்ன சொல்வது? அம்மா புறங்கையில் அடித்தும் மாறாமல் இருந்துவிட்ட ஒன்றை, யாரும் அடிக்காமலேயே அவளாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் முழுக்க எறிந்தாள். வலது கை சுமாராக வந்தது. சுமாராக எறிகிறவர்கள் பள்ளியில் நிறையப் பேர் இருந்தார்கள். அடுத்த ஆண்டும் அவள் பெயர் வரவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை விட்டுவிட்டாள். இப்போது பதினொன்று. போன மாதம் தெருப் பிள்ளைகளின் பந்து எங்கள் வாசலில் வந்து விழுந்தது. எடுத்தவள் எந்தக் கையால் எறிவது என்று ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன். கடைசியில் எறியாமல், நடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிளவுஸை யாருக்காவது தரலாம் என்று அகரம் வரைக்கும் போய் மூன்று பள்ளிகளில் விசாரித்தேன். வாங்கிப் பார்ப்பார்கள், தோலைத் தடவுவார்கள், நல்ல சாமான் என்பார்கள், மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். அங்கேயும் அவளைப் போல ஒருத்தி இருந்திருக்கலாம். அவள் கையும் வீட்டிலேயே மாற்றப்பட்டிருக்கும்.

இப்போதும் யாராவது, பிள்ளைக்கு நல்ல கிளவுஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று என்னிடம் கேட்டால், தோல், தையல், விரல் அளவு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு மைதானத்தில் இடம் இருக்கிறதா என்பதை எந்தக் கடையில் விசாரிப்பது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.