குளிர்க்குழாயில் நான் வெட்டிய கதவு

பட்டினம் பக்கத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் நான் ஆபரேட்டர். அம்மோனியா ஓடும் குழாய்களில் குளிர் வெளியேறாதபடி தடித்த உறை சுற்றியிருக்கும். ஒரு மூலையில் அந்த உறையை பிளேடால் கதவு மாதிரி வெட்டி, உள்ளே மோர் பாட்டிலைச் சொருகி வைப்பேன். பத்தே நிமிஷம், பல் கூசும்.

போன மாதம் தெர்மல் கேமரா மாட்டினார்கள். எங்கே குளிர் கசிந்தாலும் அது தானே கண்டுபிடித்து மணியடிக்கும். முதல் நாளே அடித்தது. திரையில் என் மூலை கருநீலமாகத் தெரிந்தது.

இன்ஜினியர், உறை சுற்றிய போலகம் ஊர்க்காரரை வரவழைத்தார். "என்னங்க வேலை இது? இனிமே வேற ஆளப் பாத்துக்கிறோம்."

"ஒழுங்காத்தாங்க சுத்துனேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் கண்ணாடி மாத்தணும் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலை குனிந்தபடி போய் உறையைப் பிரித்தார். உள்ளேயிருந்து என் பாட்டில் மூடி விழுந்தது.

யாரிடமும் காட்டாமல் அதை என் கையில் வைத்தார். "மூடாம வச்சா மோர் கொட்டிடும் தம்பி."

இன்ஜினியர் அறை இருபதடி தூரம். போய்ச் சேர எனக்குச் சாயங்காலம் ஆனது. "சார், அவர் மேல தப்பில்ல, வெட்டுனது நான்" என்றேன். இன்ஜினியர் சிரித்தார். நம்ப வைக்க மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.