இடப்பக்கக் கதவு

மாமா வீட்டு வேலியில் ஓரிடத்தில் முள்ளுக்குப் பதிலாக ஒரு கார்க் கதவு நிற்கிறது. அம்பாசிடரின் பின்பக்கத்து இடக்கதவு. வெள்ளைப் பூச்சு பெயர்ந்து, அடியில் துரு ஏறிவிட்டது. நீல எழுத்துகள் மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன: ‘ஆதிதிராவிடர் நல உதவித் திட்டத்தில் வழங்கப்பட்ட வாகனம்’. அந்த எழுத்து தெருவைப் பார்த்தபடி இருக்கிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இந்த வருடம் பர்மனென்ட், அடுத்த வருடம் பர்மனென்ட் என்று காத்திருந்தே காதோரம் நரைத்துவிட்டது. தொண்ணூறுகளில், இல்லாதவர்கள் வாடகைக் கார் வாங்க மானியத்தோடு கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஷிப்ட் முடிந்த கையோடு அழுக்குச் சட்டையுடனே ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். கார் வந்த அன்று எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில்தான் பூஜை. அத்தை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவே மாட்டேன் என்றாள். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோனவள் அவள். “இனிமே மொதலாளி மாரி பின்னால ஒக்காந்துகினுதான் வருவேன்” என்றாள். அன்றிலிருந்து எங்கே வண்டி நின்றாலும் மாமா திரும்பிப் பார்த்து, “எறங்குங்க மொதலாளியம்மா” என்பார். அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள்.

திட்டத்தின் பெயரைக் கதவில் எழுத வேண்டும், கடன் முடியும்வரை அழிக்கக்கூடாது என்பது விதி. ஒரு பக்கம் போதும் என்று அதிகாரி சொன்னதையே மாமா பெரிய சலுகையாக நினைத்தார். ஆனால் டவுன்ஷிப் கார் ஸ்டாண்டில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வண்டி பேச வந்தவர்கள் காரைச் சுற்றி வருவார்கள், கதவைப் படிப்பார்கள். “வேற வண்டி பாத்துக்கிறம்பா” என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து வண்டியைக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி, இடப்பக்கம் கை நுழையாதபடி நிறுத்தத் தொடங்கினார். ஏறுவதும் இறங்குவதும் வலப்பக்கமாகவே ஆயிற்று. சவாரி கிடைத்தது. கடைத்தெருவோ கோயிலோ சொந்த வீடோ, எங்கே போனாலும் அவருக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

“நம்ம வண்டிதானங்க, யாருக்குப் பயந்துகினு செவுத்துல ஒட்டுறீங்க?” என்று அத்தை கேட்பாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

என் அக்கா வளைகாப்புக்குப் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போனோம். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மண்டித் தெருவில் எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை. கதவைப் படிக்க அங்கே யாருக்கும் நேரமும் இல்லை. ஆனாலும் மாமாவின் கை தானாகவே ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைச் சுவரோடு ஒட்டியது. “எறங்குங்க மொதலாளியம்மா” என்றார். அத்தை சிரித்தபடி வலப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். பின்னாலிருந்து லாரி வந்தது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என் காதில் அது இன்னும் பாதியிலேயே நிற்கிறது. நான் அவளிடம் ஓடப் பார்த்தேன். என் பக்கத்துக் கதவு சுவரில் இடித்துக்கொண்டு திறக்கவே இல்லை.

அத்தை போனபின், மிச்சக் கடன் முடிந்ததும் மாமா காரைப் பழைய இரும்புக்குப் போட்டார். இந்த ஒரு கதவை மட்டும் கேட்டு வாங்கிவந்து, எழுத்து வெளியே தெரியும்படி வேலியில் நட்டார். எதற்கு என்று அம்மா அழுதாள். “அன்னிக்கி மறைச்சேன். படிக்கிறவங்க படிச்சிகினு போவட்டும்க்கா” என்றார்.

போன மாதம் அவரைப் பார்க்க வாடகைக் காரில் போனேன். வேலியோரம் கார் நின்றது. ஏதோ ஞாபகத்தில் வலப்பக்கம் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மாமா. எப்போது ஓடிவந்தார் என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் கதவை அழுத்திக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் வேணாம்மா. அந்தப் பக்கமா எறங்கு.”

தெருவில் வண்டி எதுவும் வரவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடப்பக்கமாக இறங்கினேன். எதிரே, முகத்துக்கு நேராக, அந்த நீல எழுத்துகள். திரும்பிப் பார்த்தேன். காரிலிருந்து இறங்க இனி யாருமில்லை. மாமா வலப்பக்கக் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.