உள்ளே துணி விடாத உடுப்பு

சங்கரன்கோவில் ரத வீதிச் சந்தில் ஞானசெல்வி தைக்கிற ரவிக்கை எதுவானாலும் உள்ளே இரண்டு இஞ்ச் துணி கட்டாயம் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு மெலிந்த பொம்பளை ஒருத்தியை இந்த ஊரில் காட்டு பார்க்கலாம் என்பாள். நியாயம்தானே! பிரித்துவிட வழியில்லாமல் தைப்பது அவளுக்குப் பாவம் செய்வது மாதிரி.

மகள் சுகிர்தா அயர்லாந்தில் நர்ஸ். போன இடத்தில் அந்தப் பிள்ளை பலகையில் ஏறி அலைமேல் நிற்கப் பழகிவிட்டது. லீவு நாளில் கடலுக்குப் போனால்தான் ஊர் நினைப்பு வராமல் இருக்கிறது என்று ஒருநாள் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஞானசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தனியாக இறங்குகிற அந்தத் தண்ணீரில் ஒரு தடவையாவது தானும் கூட இறங்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

மே மாதம் வருகிறேன் என்றாள். ஆகாது என்றாள் மகள். அங்கே வெயில் வந்தாலும் கடல் சூடாக மாசக்கணக்காகும். பெரிய அண்டா மெதுவாகத்தானே காயும்? மார்ச்சில் ஐஸ், செப்டம்பரில்தான் கொஞ்சம் தாங்கும். அப்போதும் நைட்டியோடு இறங்கினால் விறைத்துவிடும், தடித்த ரப்பர் உடுப்பு வேண்டும் என்று சொல்லி அளவு கேட்டாள்.

பழகின கை சும்மா இருக்குமா? எல்லா அளவிலும் இரண்டு இஞ்ச் கூட்டியே அனுப்பினாள் ஞானசெல்வி. மகளோடு அங்கே வேலை பார்க்கும் கடையநல்லூர் ஜெய்னப் ஊருக்கு வந்தபோது அவளிடம் உடுப்பைக் கொடுத்தனுப்பினாள் சுகிர்தா. போட்டுப் பார்த்தால் நல்ல காற்றோட்டம். ஞானசெல்விக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோவில் பார்த்த சுகிர்தா தலையில் கைவைத்தாள்.

"எம்மா, இது தோலு மாதிரி ஒட்டிக் கிடக்கணும். உள்ள போற கொஞ்சத் தண்ணி உடம்புச் சூட்டுல சூடாகி நிக்கும். தொளதொளன்னு இருந்தா பச்சத்தண்ணி வந்து வந்து போவும். நீங்க கரையில உக்காந்து பாருங்க, போதும்."

கரையில் உட்காரவா இவ்வளவு தூரம் போவது? பயணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பிடித்துத் தைக்கலாம் என்றால், ஊசி போன ஓட்டையெல்லாம் தண்ணீர் புகும். யோசித்தபடி பால் வாங்கப் போனவள், தங்கப்பழம் அண்ணாச்சியின் பஞ்சர் கடை முன்னால் நின்றுவிட்டாள். அண்ணாச்சி டியூபில் சொலூஷன் தடவிக்கொண்டிருந்தார். அட, இது தோன்றவில்லையே!

உடுப்பை வெட்டும்போது பழக்கத்தில் இரண்டு இஞ்ச் விட்டுக் கோடு போட்டு, பிறகு அதை அழித்தாள். உள்ளே மிச்சம் விட்டால் உறுத்தும். கர்த்தரை வேண்டிக்கொண்டு ஒட்ட வெட்டினாள். விளிம்புகளைச் சொலூஷனால் ஒட்டி, ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் கையாலேயே மேலோடு தைத்தாள். பிறகு கால் முனையைக் கயிற்றால் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பஞ்சர் கடை வாசலில் தொங்கவிட்டார்கள். தெருவே கூடிவிட்டது. உரித்த ஆடு எந்தப் பிரியாணிக் கடைக்கு என்று கேட்டவர்களும் உண்டு. தொடையில் ஓரிடம் மட்டும் கசிந்தது. அண்ணாச்சி அதில் சைக்கிள் டியூபில் ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

செப்டம்பரில் அந்தக் கடலில் இறங்கினாள். கழுத்து வழியாகக் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் உள்ளே போய், முதுகில் தங்கி, மெல்லச் சூடானது. பலகையில் குப்புறப் படுத்தாள். மகள் தள்ளிவிட, அலை அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மணலில் போட்டது. எழுந்து நிற்கவெல்லாம் இல்லை. சிரித்துச் சிரித்து வாயெல்லாம் உப்பு. ஓடிவந்த சுகிர்தா தொடையிலிருந்த ஒட்டைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்மா, இனி இங்க வந்தாலும் ஊரு நெனப்பு வரும்லா."

"வரட்டும் மக்கா. அதுக்குத்தான வந்தேன்."

இப்போதெல்லாம் ஞானசெல்வி பிரியாணிக் கடையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறாள். காரணம் கேட்டால், உடுப்புக்குள்ளே துணி விடவில்லை, அடுத்த செப்டம்பரிலும் அதற்குள் நுழைய வேண்டும் என்கிறாள்.