கழுவாத பிலிம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பேய் பிசாசு என்றால் சிரித்துவிட்டுப் போகிறவள்தான் நானும். உயிர்வேதியியல் படித்தவள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை என் காதால் கேட்டதை, கேட்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் தைராய்டு சுரப்பியின் ஒரு பெரிய புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நேராகப் பார்க்க அப்போது வழியில்லை. அதனால் அதன் ஜீனைப் படித்தோம். ஏ, சி, ஜி, டி. நான்கே எழுத்துகள், ஆயிரக்கணக்கில் வரிசையாக. மூன்று எழுத்து சேர்ந்தால் புரதச் சங்கிலியில் ஒரு கண்ணி. ஒரு எழுத்து பிசகினால் சங்கிலியே அறுந்துபோகலாம். கழுத்துக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட மூன்று பேரின் திசு எங்களிடம் இருந்தது. இரண்டு பேருடையது முடிந்துவிட்டது. மூன்றாம் எண்ணில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. அதை முடித்தால் கட்டுரையில் என் பெயரும் வரும் என்று புரொபசர் சொல்லியிருந்தார். என் உதவித்தொகை நீடிப்பது அந்தப் பெயரை நம்பித்தான் இருந்தது.

எழுத்துகள் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் பட்டைகளாக விழும். கண்ணை எடுத்தால் வரிசை தப்பிவிடும். அதனால் இரண்டு பேராகத்தான் படிப்போம். ஒருவர் இருட்டறைக்குள் விளக்குப்பெட்டியில் பிலிமை வைத்து உரக்கப் படிப்பார். மற்றவர் கறுப்புத் திரைக்கு வெளியே உட்கார்ந்து கணினியில் அடிப்பார்.

அன்று உள்ளே ரேடியோ. ஓயாமல் பேசுவதால் எங்கள் சீனியருக்கு அந்தப் பெயர். சத்தமே இல்லாமல் இருப்பதால் நான் பூனை.

"பூனை, தூங்காம அடி. நாளைக்கு சாருக்கு பி.பி. ஏத்திடாதே."

"நீங்க ஒழுங்கா படிங்கண்ணா."

"அடேங்கப்பா, பூனைக்கு வாய்கூட இருக்கே!"

ஆறு மணிக்கு, "கடைசிப் பிலிமைக் கழுவிட்டுக் கூப்பிடறேன்" என்றார். தண்ணீர் சத்தம். பிறகு ஒரு கதவுச் சத்தம். இருட்டறைக்கு நடைபாதைப் பக்கம் இன்னொரு கதவு உண்டு.

அப்புறம் எதுவும் இல்லை...

ஆறு இருபதுக்குக் குரல் வந்தது.

"ஏ... ஜி... ஜி... சி..."

கரகரப்புகூட இல்லை. வெறும் காற்று. ஏ.சி. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது போல என்று நினைத்து அடித்துக்கொண்டே போனேன். நூறு எழுத்து தாண்டியது. ஒரு கேலி இல்லை. இருநூறு. நடுவில் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை.

"...டி... ஜி... ஏ..."

என் கை நின்றது. மற்ற இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் சி-ஜி-ஏ. டி-ஜி-ஏ என்றால் புரதம் அங்கேயே முடிந்துவிடும். பாதிச் சங்கிலி.

"அண்ணா, அது சி தானே?"

"டி."

"நல்லா பாருங்கண்ணா."

"டி... எனக்குத் தெரியும்."

இம்முறை குரல் திரையை ஒட்டி வந்தது.

டி என்றே அடித்தேன். அப்போது மேஜைமேல் போன் அடித்தது.

"பூனை, கோவிச்சுக்காதே. சார் அவசரமா கூப்பிட்டார், அவர் வீட்லதான் இருக்கேன். கடைசிப் பிலிம் பெட்டியிலயே கிடக்கு. காலையில கழுவிக்கலாம்."

ரேடியோ.

திரைக்குப் பின்னால் படிப்பு நிற்கவில்லை.

"சி... சி... ஏ..."

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. திரையை விலக்கி வெள்ளை விளக்கைப் போட்டேன்.

யாரும் இல்லை.

விளக்குப்பெட்டி அணைந்திருந்தது. தொட்டேன். சில்லிட்டிருந்தது. பிலிம் பெட்டியைத் திறந்தேன்.

கழுவாத பிலிம்...

அப்புறம்தான் உறைத்தது. வெளிச்சத்தில் திறந்துவிட்டேன். பிலிம் பாழ்.

மறுநாள் புரொபசர் என் அச்சுப்பிரதியை மேஜையில் போட்டார்.

"பிலிமே இல்ல. இத்தனை எழுத்து எங்கேர்ந்து வந்துச்சு? உன் கற்பனையா?"

உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார். சொல்லாததால் பொய்க்காரி.

"எழுத்தை இட்டுக்கட்டறவங்க பேரு என் கட்டுரையில வராது."

அன்று மட்டும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் உதவித்தொகை நின்றது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறேன்.

நான்கு மாதம் கழித்து ரேடியோவின் போன் வந்தது.

"புதுசா வந்த பொண்ணு அதே திசுவுல மறுபடி பண்ணிச்சு. உன் பிரிண்ட்டோட வெச்சுப் பார்த்தோம். ஒரு எழுத்துகூட மாறல. டி தான். அந்தக் கட்டிக்குக் காரணமே அதுதானாம். சார் தனிக் கட்டுரை போடறார்."

"என் பேரு?"

"...இப்ப எப்படிம்மா அதெல்லாம்?"

போனை வைத்துவிட்டேன். மறுநாள், திசு வந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்களுக்கு அவர் வெறும் மூன்றாம் எண். திசுச் சீட்டு எண்ணைப் பதிவேட்டில் பார்த்ததும் வார்டு சிஸ்டருக்கு ஆள் ஞாபகம் வந்தது.

"அந்தம்மாவா? ஆபரேஷன்ல குரல் நரம்பு போயிடுச்சு. அப்புறம் வாயைத் திறந்தா காத்துதான். பதினோரு நாள்தான் உயிரோட இருந்தாங்க, பாவம்."

"எப்போ சிஸ்டர்?"

"ஆச்சே, ரெண்டு வருஷத்துக்கு மேல. ரவுண்ட்ஸ் வர்ற ஒவ்வொரு டாக்டர் கையையும் பிடிச்சுக்குவாங்க. எனக்கு மட்டும் ஏன் இது வந்துச்சு, எனக்கு மட்டும் ஏன்னு கேட்டுட்டே இருப்பாங்க. கிட்டக் குனிஞ்சாத்தான் கேக்கும். யாரு குனிஞ்சா?"