முள் நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் எடை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பிறகு பனியன். கடைசியில் மூக்குக்கண்ணாடி. குளியலறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துச் சாய்ந்திருக்கும் எடைக்கருவியைக் கீழே கிடத்தி, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறுவார். மூச்சுக்கும் எடை உண்டு என்பது அவர் கட்சி. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் கால்விரலே தெரியாது. ஏறி நின்றபடி என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, முள்ளு எங்க நிக்குது?"

நான் குனிந்து பார்த்துச் சொல்வேன்.

அந்த அயல்நாட்டு நகரத்தில் ஒரே வீட்டில் உறவில்லாத மூன்று பேர் இருந்தோம்; வயதில் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அண்ணன். மூவருக்கும் ஒரே கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. அண்ணன் நாற்காலியைத் தொட்டே நாளாகியிருந்தது. இஸ்திரிப் பலகையை உயர்த்தி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, நின்றே வேலை பார்ப்பார். மீட்டிங் தொடங்கினால் ஹெட்போனோடு மாடிப்படி ஏறி இறங்குவார். தெருவெல்லாம் உறைந்து வழுக்கும் குளிர்; நடக்க வேறு இடமில்லை. மைக்கை அணைக்க மறந்த ஒருநாள், நாய் வளர்க்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டாராம்.

மூன்றாவது ஆள் மாமா. அது தொந்தியும் வாயும் வாங்கிக்கொடுத்த பெயர். "ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு" என்று படிக்கட்டைக் காட்டிச் சிரிப்பார். அண்ணன் கல்யாணத்துக்காக இளைக்கிறார் என்பது அவர் நினைப்பு.

விஷயம் எனக்கு மட்டும் தெரியும். ஊரில் அண்ணனின் தங்கைக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. பொருந்தியது இவருடையது ஒன்றுதான். அதிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, எட்டு கிலோ குறைத்துவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் லீவு கேட்கப்போவது தெரிந்தால் கம்பெனி முன்கூட்டியே கழற்றிவிடும். அதனால் யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தங்கையின் புருஷன் அடிக்கடி போன் செய்வார். "இன்னும் எவ்வளவு மச்சான்?" அவ்வளவுதான் பேச்சு.

முள் முதலில் அடம்பிடித்தது. பிறகு வாராவாரம் சொன்னபடி இறங்கியது. எட்டாவது கிலோவை நான் படித்துச் சொன்ன காலையில், அண்ணன் கருவியைவிட்டு இறங்காமலே அழுதார். அன்றைக்கே டிக்கெட் போட்டார்.

ஆஸ்பத்திரி எடைக்கருவி வேறு கணக்குச் சொன்னது. மூன்று கிலோகூடக் குறையவில்லை. ஸ்கேனும் அதற்கே ஒத்து ஊதியது. யாரை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். இன்னும் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தங்கையிடம் அத்தனை வாரம் இல்லை.

எரித்துவிட்டு வந்து முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, "தின்னே கொன்னுட்டீங்களே மச்சான்" என்றாராம் தங்கையின் புருஷன்.  அண்ணன் இங்கே திரும்பி வரவில்லை. இஸ்திரிப் பலகையில் இப்போது என் சட்டைகளைத் தேய்க்கிறேன்.

போன மாதம் மாமா வேறு வீட்டுக்குப் போனார். மூட்டை கட்டும்போது எடைக்கருவியை என்னிடம் கொடுத்து, கூடவே ஒரு வித்தையும் சொல்லித் தந்தார். அடியில் சின்னதாக ஒரு சக்கரம். திருகினால் முள் பூச்சியத்துக்குப் பின்னால் போகும். ஞாயிறுதோறும் மதியம் ஊரிலிருக்கும் தன் மனைவிக்கு வீடியோவில் எடை காட்ட வேண்டும். அதற்காகச் சனிக்கிழமைதோறும் இன்னும் ஒரு சின்னத் திருகு. அவளுக்கும் நிம்மதி, தனக்கும் சோறு என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"எல்லாம் உங்க அண்ணனாலதாண்டா. அவன் படியேறுறத நான் ஒருநாள் போன்ல காட்டிட்டேன். அவரப் பாத்துக் கத்துக்கோங்கன்னு என் பொண்டாட்டி அன்னைக்குப் பிடிச்ச பிடிதான்."