பச்சையாக இருந்த பாத்தி

சென்னைக்கு வெளியே, கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தைச் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. போன பிப்ரவரியில் நான் போனது வெண்டைச் செடி பார்க்க. எங்கள் கம்பெனியில் என் ஷிப்டிலேயே அசெம்பிளி லைனில் நிற்கும் மூர்த்தி, தன் நிலத்தில் வெண்டை மஞ்சளாகிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே கம்பெனி லேபில் தண்ணீர் சோதிப்பவன்.

வேலை நாளில் கம்பெனி பஸ் உண்டு, ஞாயிறு கிடையாது. தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். 7.20க்குச் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஆள் நிரம்பாமல் எடுக்கமாட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் வீண். செடி பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் சிரித்தார். "கம்பெனி கேட்டாண்ட வெச்சிகீறானே, அந்தச் செடியா?"

ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. மூர்த்தியின் நிலம் அரை ஏக்கர். மேற்கே பெயர்ப்பலகை இல்லாத முலாம் பூசும் பட்டறை. அதன் கழிவு சேரும் கால்வாயில்தான் பாசனம். வெண்டையின் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். ஒன்றைப் பிடுங்கினேன். வேர் விரல் நீளம்கூட இல்லை. பழுப்பாக, சல்லிவேர் இல்லாமல் மொட்டையாக இருந்தது. முலாமுக்குப் பயன்படும் நிக்கல் மாதிரி உலோகம் மண்ணில் மிஞ்சினால் வேர் கெடும், இரும்புச்சத்து மேலே ஏறாது, இலை வெளுக்கும். மூர்த்தியோ சத்துக் குறைவு என்று மூன்று முறை யூரியா போட்டிருந்தார். யூரியா மண்ணில் அமிலத்தைக் கூட்டும்; உலோகம் இன்னும் சுலபமாகக் கரையும். கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

"இன்ஜினியரு, அந்தக் கீரையப் பாரு. அதே தண்ணிதான். எப்டி நிக்குது!" என்றார்.

பக்கத்துப் பாத்தியில் சிறுகீரை தளதளவென்றிருந்தது. அவர் மனைவி கஸ்தூரி அதை அறுத்து, கம்பெனி வேலைக்கு வந்த தென் மாவட்டப் பையன்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குக் கொடுக்கிறார். இரண்டு பாத்தியிலும் மண், செடி எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது கஸ்தூரி இரண்டு கட்டுக் கீரை கொடுத்தார். அன்றைக்கே பொரியல் செய்து சாப்பிட்டேன்.

எங்கள் லேபில் மண், இலை சோதிக்க வசதியில்லை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஒன்பது நாளில் முடிவு தந்தார்கள். மண்ணில் நிக்கலும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் காட்மியமும். கீரையில் காட்மியம், சாப்பிடக்கூடாத அளவுக்கு. வெண்டை வாடிக் காட்டிக்கொடுத்தது. கீரை ஒன்றும் காட்டாமல் இலையில் சேர்த்துக்கொண்டது. படித்த எனக்கே உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முடிவுக் காகிதத்தோடு போனேன்.

"கழுவுனா போவாதா தம்பி?" என்றார் கஸ்தூரி.

"போகாதுக்கா. உள்ள இருக்கு."

"வேக வெச்சா?"

"போகாது."

கஸ்தூரி பாத்தியில் இறங்கினார். குனிந்து கீரையைப் பிடுங்க ஆரம்பித்தார். ஹாஸ்டலுக்கு என்ன சொல்வது என்று மூர்த்தி கேட்டார். "செத்துப்போச்சுன்னு சொல்லு" என்றார் கஸ்தூரி.

மதியத்துக்குள் பதினொரு மூட்டை. மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியில் கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். "அப்போ எங்கதான் போடறது?" என்றார் மூர்த்தி. இப்போதைக்கு வேலியோரம் அடுக்கினோம்.

இப்படிச் சோதனைக்கு மண், செடி எடுக்கப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் நிலத்தில் இருங்கள், வெயில் தாங்காது. மேல்மண்ணைச் சுரண்டாமல் வேர் ஆழத்தில் எடுங்கள். வாடிய செடியோடு, நன்றாக நிற்கும் செடியையும் கட்டாயம் எடுங்கள். முடிவு வரும்வரை எதையும் சாப்பிடாதீர்கள்.

போன வாரம் மறுபடி போனேன். மூட்டைகள் வேலியோரம் அப்படியே கிடக்கின்றன. பாத்தியில் உதிர்ந்த விதை முளைத்திருக்கிறது, நல்ல பச்சையாக. கஸ்தூரி அதையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்.